பூ பார்க்க யோகஹாமாவா, தம்பியைப் பார்க்க ரியாத்தா?

"பூவு பாக்கணும்னா விடியக்காலம் தோவாளைப் பூச்சந்தைக்குப் போனாப் போறாதா மக்ளே? அதுக்கு எதுக்கு ஜப்பானுக்கு?" அம்மா இப்படிக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டு விவாதம் சூடுபிடித்தது.

உலகக் கண்காட்சி ஒன்றை வீட்டோடு போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சீட்டுப் போட்டு வருகிறோம். சேர்ந்திருப்பது ஒரே ஒரு பயணத்துக்கான பணம். எதிரே நிற்பவை மூன்று ஊர்கள்: 2027-ல் ஜப்பானின் யோகஹாமா, அதே ஆண்டில் செர்பியாவின் பெல்கிரேடு, 2030-ல் சவூதியின் ரியாத். ஆரல்வாய்மொழி சாலையில் நாங்கள் வைத்திருக்கும் நர்சரியை உண்மையில் நடத்துவது என் மனைவி. அவள் யோகஹாமா கட்சி. பத்தாம் வகுப்புக்குப் போகிற மகன் எந்நேரமும் பந்தோடு திரிபவன், அவன் பெல்கிரேடு. என் தம்பி ரியாத்தில் இருப்பதால் அம்மா எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. நான் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போடும் கட்சி. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார் என்பதால், இதே யோசனை வேறு வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றையும் 'எக்ஸ்போ' என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் மூன்றும் வேறு வேறு சரக்கு. இவற்றுக்கு அனுமதி கொடுப்பது பாரிஸில் உள்ள பன்னாட்டுக் கண்காட்சிகள் ஆணையம். 1928-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிறந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை நடப்பது பெரிய உலகக் கண்காட்சி. ரியாத் அந்த வகை. இரண்டு பெரியவற்றுக்கு நடுவே மூன்று மாதத்துக்குள் முடிகிற சிறப்புக் கண்காட்சி பெல்கிரேடில். தோட்டக்கலைக்கென்றே தனியாக ஒரு வகை உண்டு; அது யோகஹாமாவில். இடத்தின் அளவைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். ரியாத் ஏறக்குறைய 600 ஹெக்டேர், நம் கணக்கில் 1,480 ஏக்கர். யோகஹாமா 100 ஹெக்டேர், அதாவது 247 ஏக்கர். பெல்கிரேடு வகைக்கு விதிப்படியே 25 ஹெக்டேர்தான் உச்சம், 62 ஏக்கருக்குள். நிலத்தைச் சென்டில் பேசிப் பழகிய நமக்கு 62 ஏக்கரே தலை சுற்றும். ஆனாலும் இந்த மூன்றில் அதுதான் குழந்தை.

பெரியது என்றால் நல்லது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த நினைப்பைத் துபாய் உடைத்தது. 2022 பிப்ரவரியில், மைத்துனர் ஷார்ஜாவில் இருந்த சமயம், ஒரு டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில் துபாய் எக்ஸ்போவுக்குப் போனோம். 2020-ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2021 அக்டோபர் 1 முதல் 2022 மார்ச் 31 வரை நடந்தது. "முழு நாள்" என்று சொல்லிக் காசு வாங்கிய டிராவல்ஸ்காரர் எங்களை இறக்கிவிட்டது மாலை நாலு மணிக்கு. 192 நாடுகளின் அரங்குகள். நாங்கள் பார்த்தது ஏழு. அதில் நம் நாட்டு அரங்கில் மட்டும் ஒரு மணி நேரம் போயிற்று. மகனுக்கு 20 திர்ஹம் கொடுத்து அந்த மஞ்சள் அட்டை எக்ஸ்போ பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்திருந்தோம். அரங்கு அரங்காக ஓடி முத்திரை குத்துவதிலேயே அவன் கவனம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. திரும்பும்போது என் கால் வீங்கியிருந்தது. 60 வயது தாண்டியவர்களுக்கு அங்கே நுழைவு இலவசம். ஆனால் அந்தத் தூரம் நடக்க 60 வயதுக் கால் எங்கே கிடைக்கும்?

துபாயில் படித்த பாடத்தில் எனக்கு ஒரு விதி பிடிபட்டது. பெரிய கண்காட்சிக்குக் குறைந்தது மூன்று நாள் ஒதுக்க முடியாதவர்கள் போகக்கூடாது. 2025-ல் ஒசாகாவில் நடந்தது இதை இன்னும் உறுதியாக்கியது. யுமேஷிமா என்ற செயற்கைத் தீவில், சுமார் 2 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மர வளையம் ஒன்றைக் கட்டி, உலகின் மிகப் பெரிய மரக் கட்டுமானம் என்று கின்னஸிலும் ஏற்றினார்கள். இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். பேர்போன அரங்குகளுக்கு முன்பதிவு, அதிலும் குலுக்கல். ஒருநாள் சீட்டு பெரியவர்களுக்கு 7,500 யென். அத்தனை கொடுத்தும் உள்ளே போய் வரிசையில் நின்றதுதான் பலருக்கு நினைவு.

இனி ரியாத். 2023 நவம்பர் 28 அன்று பாரிஸில் நடந்த ஓட்டெடுப்பில் ரியாத்துக்கு 119, தென்கொரியாவின் பூசானுக்கு 29, ரோமுக்கு 17. 2030 அக்டோபர் 1 முதல் 2031 மார்ச் 31 வரை. நகரின் வடக்கே, கட்டப்பட்டு வரும் பெரிய விமான நிலையத்தின் பக்கம் இடம். எதிர்பார்க்கும் வருகை 4 கோடி. 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ரியாத் மெட்ரோவில் 6 தடங்கள், 176 கிலோமீட்டர். ஆக, போக்குவரத்துக்குப் பயப்பட வேண்டாம். அக்டோபரில் வெயில் இருக்கும், பிறகு பாலைவனத்தின் குளிர்காலம். டிசம்பரில் நம் ஊர் பேச்சிப்பாறைப் பக்கத்தைவிடக் குளிரும்.

எங்கள் வீட்டுக் கணக்கில் ரியாத்துக்கு விழும் மதிப்பெண்கள் இவை. திருவனந்தபுரத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் வளைகுடா. தம்பி வீட்டிலேயே தங்கல், ஓட்டல் செலவு இல்லை. பத்தா பகுதிக்குப் போனால் மலையாளக் கடைகளில் மரச்சீனியும் மீன்கறியும். தம்பி சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதில் நிற்கிறது: "அண்ணே, அங்க கட்டுறது பூரா நம்மாளுகதான். கட்டுனவன் பாக்கமாட்டான், நீயாவது வந்து பாரு." 14 வருடமாக அங்கே இருப்பவன் சொல்கிறான். மறுக்க மனம் வரவில்லை.

ஆனாலும் நோட்டுப் புத்தகம் சில கேள்விகளைக் கேட்கிறது. முதல் கேள்வி காலம். ரமலான் நோன்பு ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது அல்லவா? அப்படி நகர்ந்து 2030-ல் இரண்டு முறை வருகிறது. ஜனவரி தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் 26-ஐ ஒட்டி இன்னொன்று. ஒருநாள் முன்பின்னாக இருப்பது பிறையைப் பொறுத்தது. அதாவது நம் பள்ளி, கல்லூரிகளின் அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் அப்படியே நோன்புக்குள் விழுகின்றன. நோன்புக் காலத்து ரியாத் இரவில் அழகாக இருக்கும் என்று தம்பி சொல்கிறான், இருக்கலாம். ஆனால் பகலில் சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும், அலுவல் நேரம் மாறும். சர்க்கரை மாத்திரை போடுகிற அம்மாவை வைத்துக்கொண்டு அது சிரமம். துபாய்க்கு அந்த வகையில் அதிர்ஷ்டம். கண்காட்சி மார்ச் 31-ல் முடிந்தது, நோன்பு ஏப்ரல் 2-ல் தொடங்கியது. ரியாத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அப்படியென்றால் அக்டோபர், நவம்பர். சரி, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்ததும் டிசம்பர் முதல் வாரம் போகலாமா என்றால், அது கிறிஸ்துமஸுக்கு நர்சரியில் வியாபாரம் நடக்கும் நேரம். மகனுக்கோ அப்போது கல்லூரிப் பருவத் தேர்வு.

இரண்டாம் கேள்வியை அம்மா முன் கேட்க முடியாது. 2030-ல் தம்பி அங்கே இருப்பானா? சவூதிக்காரர்களுக்கு வேலையில் பங்கு ஒதுக்குகிற 'நிதாகத்' சட்டம் வந்த 2011-ல் இருந்து வளைகுடா வீடுகளில் யாரும் மூன்று வருடத்துக்கு மேல் திட்டம் போடுவதில்லை. இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு வருடமும் வீட்டில் ஒரு படபடப்பு. தம்பி ஊர் திரும்பிவிட்டால் ரியாத்தின் மதிப்பெண்ணில் முக்கால்வாசி அடிபட்டுப் போகும். ஓட்டல் அறை, வாடகைக் கார், சுற்றுலா விசா எல்லாம் நம் தலையில். குடும்ப வருகை விசா விதிகளோ அடிக்கடி மாறுகின்றன. நாலு வருடம் கழித்து என்ன விதி இருக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

பெல்கிரேடைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மகன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. 2027 மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை. விளையாட்டும் இசையும்தான் கருப்பொருள். சாவா ஆற்றங்கரையில் இடம், பக்கத்திலேயே புதிய தேசிய விளையாட்டரங்கம் கட்டுகிறார்கள். தூத்தூர் கடற்கரை மணலில் பந்தாடுகிற பையன்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் இதில் மயங்கியதில் ஆச்சரியம் இல்லை. சிறிய இடம், இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் நேரடி விமானம் கிடையாது. முன்பு விசா இல்லாமல் இந்தியர்களை விட்டார்கள், 2023 ஜனவரியோடு அதுவும் போயிற்று. கண்காட்சியைத் தவிர அந்தப் பக்கம் எங்களுக்கு வேலையும் இல்லை, ஆளும் இல்லை. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ பிள்ளைகள் இருக்கிறவர்கள் அவர்களைப் பார்க்கப் போகிற வழியில் பெல்கிரேடைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இது நல்ல தேர்வு. நாகர்கோவிலில் இருந்து இதற்கென்றே கிளம்புவது அதிகப்படி. போகிறவர்கள் அங்குள்ள நிகோலா டெஸ்லா அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியை ஒளிரச் செய்தது டெஸ்லாவின் மாறுதிசை மின்சாரம்தான்.

சிகாகோ என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு ஒன்று ஞாபகம் வர வேண்டும். 1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் உட்கார்ந்து தியானம் செய்த விவேகானந்தர் மறு வருடம் போய்ப் பேசிய சர்வ சமயப் பேரவை, அந்தக் கண்காட்சியை ஒட்டி நடத்தப்பட்டதுதான். சிகாகோவில் முதலில் தங்கிய பன்னிரண்டு நாளும் கிட்டத்தட்டத் தினமும் கண்காட்சிக்குப் போனதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். உலகின் முதல் ராட்சத ராட்டினம் அங்கேதான் சுழன்றது. 264 அடி, நம் வள்ளுவர் சிலையை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நிறுத்தினால் வருகிற உயரம். அவர் எந்த வழியாகப் போனார் என்று பாருங்கள். பம்பாயில் கப்பலேறி, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான். 1893 ஜூலை 10 தேதியிட்ட அவருடைய நீண்ட கடிதம் எழுதப்பட்ட ஊர் யோகஹாமா. நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் ஜப்பானுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது அதில் அவர் சொன்ன யோசனை. யோகஹாமாவில் இருந்துதான் வான்கூவருக்குக் கப்பலேறினார். இதை நான் வீட்டில் சொன்னதும் மனைவி, "சாமியே சொல்லியாச்சு, இனி என்ன கணக்கு?" என்றாள். கணக்கை நான் விடவில்லை.

யோகஹாமா 2027 மார்ச் 19 முதல் செப்டம்பர் 26 வரை. அமெரிக்க ராணுவம் தகவல்தொடர்புத் தளமாக வைத்திருந்து 2015-ல் திருப்பிக் கொடுத்த கமிசேயா என்ற நிலம். பல பத்தாண்டுகள் பொதுமக்கள் நுழையாத இடம் இப்போது தோட்டமாகிறது. தோட்டக்கலைக் கண்காட்சியில் ஜப்பானுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1990-ல் ஒசாகாவில் நடத்திய பூக் கண்காட்சிக்கு 2.3 கோடிப் பேர் வந்தார்கள், அந்த இடம் இன்றும் பூங்காவாக இருக்கிறது.

அம்மாவின் கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். தோவாளைச் சந்தையில் நாம் பார்ப்பது இன்றைக்கு விற்றாக வேண்டிய பூ. பிச்சியும் கொழுந்தும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓணத்துக்கு விலை ஏறும், மறு வாரமே விழும். விழுந்த நாளில் மிச்சப்பட்டதை என்ன செய்வது என்று இன்றுவரை யாருக்கும் வழி தெரியவில்லை. யோகஹாமாவில் நாடு நாடாக வந்து காட்டப்போவது பூவை மட்டும் அல்ல. பூவை வாடாமல் எப்படி அனுப்புகிறார்கள், மண்ணில்லாமல் எப்படி வளர்க்கிறார்கள், வெயில் ஏறும் நகரத்தில் மரம் எப்படி நடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம். நர்சரி வைத்திருப்பவளுக்கு இது வேடிக்கை பார்க்கிற விஷயம் இல்லை, தொழில். நம்மிடமும் காட்டுவதற்குச் சரக்கு இருக்கிறது. நொச்சி இலையும் அரளியும் சேர்த்து மாணிக்கக் கல் பதித்ததுபோல் தட்டையாகப் பின்னுகிற தோவாளை மாணிக்கமாலை, குமரியின் கிராம்பு, மட்டி வாழை மூன்றுமே புவிசார் குறியீடு வாங்கியவை. அங்கே போய் நிற்கிற மாலையைவிடத் தோவாளை மாலை ஒன்றும் மட்டம் இல்லை என்று பார்த்துவிட்டு வரவாவது போகலாம் என்பது மனைவியின் வாதம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ரியாத்தில் அக்டோபரில் போனாலும் மார்ச்சில் போனாலும் அதே அரங்குதான். யோகஹாமாவில் எந்த மாதம் போகிறோமோ அந்த மாதத்துக் கண்காட்சி. மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி, ஜூனில் ஹைட்ரேஞ்சியா, ஆகஸ்டில் சூரியகாந்தியும், நம் சித்திரையை மறக்கடிக்கிற புழுக்கமும். தேதியைத் தேர்ந்தெடுப்பதே பாதித் தேர்வு. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியருக்குத் தொடர் விடுமுறை, ரயில் முதல் ஓட்டல் வரை நிரம்பி வழியும். ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டி அவர்களுடைய மழைக்காலம் தொடங்கும். நடுவில் மிஞ்சுவது மே இரண்டாம், மூன்றாம் வாரம். ரோஜா பூக்கிற நேரம். மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து விடுமுறை. ஓணத்துக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருப்பதால் நர்சரியை ஆளிடம் ஒப்படைக்கலாம். மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்த்தபோதுதான் என் பேனா முதல்முறை யோகஹாமா பக்கம் சாய்ந்தது.

எதிர்ப்பக்கமும் சொல்லியாக வேண்டும். பயணச் செலவு ரியாத்தைவிட நிச்சயமாக அதிகம், தங்கல் செலவு வேறு. திருவனந்தபுரத்தில் இருந்து கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் போல ஓரிடத்தில் மாறித்தான் போக வேண்டும். விவேகானந்தர் போன வழியேதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அவருக்கு ஆனது ஐந்து வாரத்துக்கும் மேல், நமக்கு ஒரு பகலும் ஒரு இரவும். விசாவுக்கு விண்ணப்ப மையத்தில் கொடுக்க வேண்டும், கிடைப்பது மின்விசா. கண்காட்சி இடம் துறைமுகப் பக்கம் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. பக்கத்து ரயில் நிலையங்களில் இருந்து பேருந்து. சாப்பாட்டில் எதை எடுத்தாலும் மீன் சாறு கலந்திருக்கும் என்று சைவக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். சாளைக்கறி இல்லாமல் சோறு இறங்காத எங்கள் வீட்டில் இது குறையாக எடுபடவில்லை. இட்லியும் தோசையும் வேண்டுமென்றால் டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் தமிழர்கள் இருக்கிறார்கள்.

தொழிலுக்காகப் போகாதவர்கள், அதாவது செடி கொடியில் ஈடுபாடு இல்லாதவர்கள், யோகஹாமாவில் இரண்டாம் நாள் சலித்துப்போவார்கள் என்றும் நினைக்கிறேன். அவர்கள் 2030 வரை பொறுத்து ரியாத் போவதே சரி. உலகம் முழுவதையும் ஒரே வளாகத்தில் பார்க்கிற ஆசைக்குத் தோட்டக் கண்காட்சி தீனி போடாது.

இத்தனையும் எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தபோது ரியாத்தும் யோகஹாமாவும் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ரியாத்தின் பக்கம் நான் எழுதியிருந்த மதிப்பெண்களில் கண்காட்சிக்கு உரியது கொஞ்சம்தான். தங்கல், சாப்பாடு, அம்மாவின் முகம், "நீயாவது வந்து பாரு" என்ற குரல், இவை எல்லாம் தம்பிக்கு விழுந்த மதிப்பெண்கள். தம்பியைப் பார்க்க 119 நாடுகள் ஓட்டுப் போட வேண்டியதில்லையே. 2030 வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அம்மாவுக்கு இப்போது 72.

அன்று ராத்திரியே தம்பியிடம் பேசினேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தம் இல்லை. பிறகு, "அம்மைக்க பாஸ்போர்ட் எத்தன வருசத்துக்கு இருக்கு, பாரு" என்றான். டிக்கெட்டும் வருகை விசாவும் அவன் பொறுப்பு. சீட்டுப் பணம் அப்படியே 2027 மே மாதத்துக்கு. போவது நாங்கள் மூன்று பேர். மகனுக்கு மட்டும் முகம் தூக்கல். யோகஹாமாவில் 2002 உலகக் கோப்பை கால்பந்தின் இறுதி ஆட்டம் நடந்த மைதானம் இருக்கிறது என்று சொன்னபிறகு அதுவும் சரியாகி வருகிறது.

அம்மா இப்போது ஜப்பானைப் பற்றிப் பேசுவதே இல்லை. விமானத்தில் மட்டிப்பழம் கொண்டுபோக விடுவார்களா என்பது மட்டும்தான் அவளுடைய கேள்வி. கொல்லையில் நிற்கிற மட்டிக் குலை முற்ற இன்னும் ஒன்றரை மாதம் ஆகும். அந்தத் தேதியை வைத்துத்தான் அவளுக்கு டிக்கெட் போட வேண்டியிருக்கிறது.